பெரியவர் விழுந்து கிடக்கிறார்

தெரியாது என்று சொல்லியாயிற்று. சொன்ன கையோடு கதவைத் தாழிட்டு வந்து ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்து முழங்காலுக்குக் கம்பளியும் போர்த்தியாயிற்று. இனி வெளியே என்ன நடந்தால் எனக்கென்ன. என்ன நடக்கிறது வெளியே, ஒன்றுமில்லை, என் கேட்டை மறித்துக்கொண்டு ஒரு காட்டுமாடு விழுந்து கிடக்கிறது, அதைச் சுற்றி மப்ளர் கட்டிய முட்டாள்கள் நிற்கிறார்கள், அவ்வளவுதான். கொடைக்கானலில் ஓய்வுக்காலத்தை நிம்மதியாகக் கழிக்கலாம் என்று எவனோ சொன்னதை நம்பி இந்தப் பேரிக்காய்ச் சந்தில் வீடு வாங்கினேன், பெயருக்குக்கூட ஒரு பேரி மரம் இல்லாத சந்து, காலையில் கதவைத் திறந்தால் பனிக்கு நடுவே இப்படி ஒரு கறுப்பு மலை. விடிந்தபோது நின்றுகொண்டுதான் இருந்தது, தலையைத் தொங்கப் போட்டு, பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டு. பிறகு முன்னங்காலை மடித்தது. பிறகு ஒரேயடியாகச் சாய்ந்ததில் கேட்டின் கம்பி ஒன்று வளைந்துவிட்டது. இடது பக்க வயிறு உப்பி மேலே தூக்கி நிற்கிறது, வாயிலிருந்து நூல் நூலாக எச்சில். வனத்துறை ஜீப்பில் வந்த மாட்டு டாக்டர், இளம்பரிதி என்று ஒரு பையன், தாடி வைத்தால் வயது கூடித் தெரியும் என்று யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள், நேராக என் வாசலுக்கு வந்து கேட்டான். "சார், நேத்து மாட்டுப் பொங்கல். இதுக்கு யாராச்சும் பொங்கல் வெச்சீங்களா? சோறு, வெல்லம் போட்டது, எதுவா இருந்தாலும் சொல்லுங்க." நான், "தெரியாதுங்க" என்றேன். அவன் போகவில்லை. "சோறு நிறையத் தின்னுருந்தா வயித்துல புளிச்சுப் போயிருக்கும் சார். அதுக்கு ஒரு வைத்தியம். பூச்சிமருந்துன்னா அதுக்கு வேற ஊசி. மாத்திப் போட்டேன்னா இருக்கிற உசிரும் போயிடும். கேஸுக்காகக் கேக்கல." கேஸுக்காகக் கேட்கவில்லையாம், பின்னாலேயே வனவர் பையிலிருந்து பேனாவை எடுத்துக்கொண்டு நிற்கிறார். "வீட்டுல வேற யாரும் இல்லையா?" "சம்சாரம் விடியறதுக்கு முன்னாடியே கோயிலுக்குப் போயிருக்காங்க." நான் சொன்னதில் அது ஒன்றுதான் உண்மை.

சார்பதிவாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். என் மேஜைக்கு முன்னால் நின்று பொய் சொல்லாத ஆளை நான் பார்த்ததே இல்லை. அண்ணன் வெளி வராந்தாவில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருப்பான், தம்பி உள்ளே வந்து நான் ஒரே வாரிசு என்று கைநாட்டு வைப்பான். பொய் சொல்கிறவனை எனக்குத் தெரியும், அவன் கேட்காததையும் சேர்த்துச் சொல்வான். அந்தக் கணக்கில் பார்த்தால் இந்தச் சந்துக்காரர்கள் பொய்யில் பாலர் வகுப்பு. அடுத்த வீட்டு சகாயமேரி டீச்சர் கையைக் கட்டிக்கொண்டு, "நாங்க கிறிஸ்டியன்ஸ் தம்பி, எங்களுக்கு ஏது மாட்டுப் பொங்கல், நாங்க நேத்து இட்லிதான் சாப்பிட்டோம்" என்றாள். நேற்று இதே டீச்சர் எனக்கு ஒரு கிண்ணம் சர்க்கரைப் பொங்கல் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, திரும்பிப் போகும்போது மாட்டுக்கு ஒரு குண்டான் நிறைய வைத்துவிட்டுப் போனாள். எனக்குக் கொடுத்ததில் முந்திரி இல்லை. மாட்டுக்கு வைத்ததில் இருந்தது, இதே ஜன்னலிலிருந்து பார்த்தேன். எதிர்வீட்டு வைரவன், லாட்ஜ் நடத்துகிறவன், "எங்க பெரியப்பா தவறிட்டாருங்க, இந்த வருசம் எங்களுக்குப் பண்டிகையே கிடையாது" என்றான். அந்தப் பெரியப்பாவை அவன் சாகடிப்பது இது முதல் தடவை அல்ல, சந்துக்குத் தெருவிளக்கு போட நன்கொடை கேட்கப் போனபோதும் அவர்தான் செத்துப்போயிருந்தார். நேற்று லாட்ஜில் தங்கியிருந்த கும்பலைக் கூட்டிவந்து ஆளுக்கொரு கைப்பிடி பொங்கல் கொடுத்து, மாட்டின் மூக்குக்குப் பக்கத்தில் நிற்க வைத்துப் படம் பிடித்தவன் இவன். எருமை, எருமை என்று கத்தினார்கள் அந்தக் கும்பலில். காட்டுமாட்டுக்கும் எருமைக்கும் வித்தியாசம் தெரியாத ஜென்மங்கள். ஆக இந்தச் சந்தில் எவன் வீட்டிலும் பொங்கல் பொங்கவில்லை, எவன் வாசலிலும் கரும்பு இல்லை, கோலப்பொடி எல்லாம் வானத்திலிருந்து தானாகக் கொட்டியது. எல்லாம் அந்தப் பலகை செய்கிற வேலை. போன மாதம் மின்கம்பத்தில் வந்து அறைந்துவிட்டுப் போனார்கள், வன விலங்குகளுக்கு உணவளிப்பது குற்றம் என்று, கீழே ஒரு படம், காட்டுமாடாம், பன்றி மாதிரி இருக்கிறது. படித்தார்கள், தலையாட்டினார்கள், மறுநாளிலிருந்து விளக்கு வைத்த பிறகு போட்டார்கள்.

பொற்கொடி அதைப் படிக்கவே இல்லை. கண்ணாடி இல்லாமல் போய் நின்று பார்த்துவிட்டு, "பெரியவர் படம் போட்டிருக்காங்க" என்று சந்தோஷமாக வந்தாள். பெரியவர். என் மனைவி அந்த மாட்டுக்கு வைத்திருக்கும் பெயர் அது. பெரியவர் வந்திருக்கார், பெரியவர் இன்னிக்குச் சரியா சாப்பிடலை, பெரியவருக்கு முதுகுல ஏதோ கீறல். மந்தையை விட்டுத் தனியே திரிகிற ஒரு கிழட்டுக் காளை, காட்டில் இளவட்டங்கள் முட்டித் துரத்தியிருக்கும், இறங்கி ஊருக்குள் வந்துவிட்டது, அதற்கு இவ்வளவு மரியாதை. அரிசி களைந்த கழுநீரை இவள் வெதுவெதுப்பாகச் சூடு பண்ணி, கல்லுப்பு போட்டு, கேட்டுக்கு வெளியே தொட்டியில் ஊற்றுவாள். என் காபி ஆறித்தான் வரும். இதோ இந்தக் காபிகூட ஆறிவிட்டது, ஆனால் இதை நானே போட்டேன், நானே ஆறவிட்டேன். அது எப்படியோ போகட்டும். நேற்று என்ன நடந்தது என்றால் எதுவும் நடக்கவில்லை, எல்லா வருஷமும் நடப்பதுதான், பால் கறக்கிற பசு இல்லாத வீடு, பொங்கலை யாருக்குப் படைப்பது என்று கேட்டு இவளே பதிலும் சொல்லிக்கொண்டாள், நம்ம வாசலுக்கு வர்ற மாடு அதுதானே என்று. இந்த ஊர்க்காரர்கள் எல்லோருக்கும் இதே புத்தி. காட்டு மிருகம் ஒன்று தினமும் ஒரே நேரத்துக்கு வந்தால் அது மாடாகிவிடும், மாடானால் பொங்கல் வைக்க வேண்டும், வைக்காவிட்டால் பாவம். புல்லும் மூங்கில் குருத்தும் தின்கிற வயிற்றுக்கு அண்டா நிறைய வெல்லச் சோறு. எனக்கு மட்டும் தெரிந்ததா என்றால், எனக்கும் தெரியாது, டாக்டர் பையன் இன்றைக்கு வந்து சொல்லித்தான் தெரியும், ஆனால் நான் பொங்கியவன் இல்லையே. நான் சும்மா இருந்தேன். சும்மா இருந்தேனா. இவள் மணிக்கட்டு வலி என்றாள், அண்டாவை ஒரு கை பிடித்து வெளியே வைக்கச் சொன்னாள், பிடித்து வைத்தேன். அது ஒன்றும் வைப்பது ஆகாது, பாரம் தூக்கியது.

தூக்கி வைத்துவிட்டு நிமிர்வதற்குள் அது தலையை உள்ளே விட்டது. அதன் மூச்சு என் புறங்கையில் பட்டது. சூடு. சோற்றுப்பானையைத் திறந்தால் முகத்தில் அடிக்குமே, அந்த மாதிரி சூடு, புல் வாசனை. நான் கையை எடுக்கவில்லை, ஏன் எடுக்கவில்லை என்று தெரியவில்லை. பொற்கொடி கேட்டின் இந்தப் பக்கம் நின்று சிரித்துக்கொண்டிருந்தாள், அந்தச் சிரிப்பு என்னைப் பார்த்தா அதைப் பார்த்தா என்று திரும்பிப் பார்த்தேன், அதைப் பார்த்துத்தான். கடைசிவரை தின்றது. அண்டாவை நக்கிய நக்கில் அது கல்லில் உரசி உரசி வைரவன் வீட்டுச் சுவர்வரை நகர்ந்தது. பிறகு டீச்சரின் குண்டான், பிறகு வைரவனின் கும்பல், பிறகு யார் யாரோ. போதும் என்று தலையைத் திருப்பத் தெரியாத மிருகம். மனிதனாக இருந்தால் ஏப்பம் விட்டிருக்கும், இது விடமாட்டாமல் படுத்துவிட்டது. அதோ டாக்டர் பையன் அதன் கண் இமையைப் பிரித்துப் பார்க்கிறான். அந்தக் கண் என் ஜன்னல் பக்கம் இருக்கிறது. என்னையே பார்க்கிறது என்று கதை எழுதுகிறவர்கள் எழுதுவார்கள். அது எதையும் பார்க்கவில்லை, அதற்குப் பார்வை சொருகியிருக்கிறது, வயிற்றில் புளித்த சோறு கொதிக்கிற உடம்புக்கு நான் யார் என்பதா முக்கியம். இருந்தாலும் திரைச்சீலையைக் கொஞ்சம் இழுத்துவிட்டேன்.

காசிமாயனைக் கூட்டி வந்துவிட்டார்கள். சந்துக்குக் கீழே சரிவில் கேரட் போடுகிறவன். யார் முதலில் அவன் பெயரை எடுத்தது என்று பார்த்தேன், வைரவன்தான், வேறு யார். "கீழ மருந்தடிக்கிறான் சார், வாடை இங்க வரைக்கும் வருது" என்றான், உடனே எல்லாத் தலைகளும் ஆடின, டீச்சரின் தலை உட்பட. வனவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. ஒரு சந்து முழுவதும் சேர்ந்து செய்த தப்பை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார், ஒரே ஆள் கிடைத்தால் சௌகரியம். "எடுத்துட்டு வா அந்த ஸ்பிரேயரை" என்கிறார். காசிமாயன் பனியனோடு நின்று கெஞ்சுகிறான். "சாமி சத்தியமா அடிக்கலைங்க. கேரட்டு புடுங்கி எத்தனை நாளாச்சு, காடு சும்மா கெடக்கு, வந்து பாருங்க. சும்மா கெடக்குற மண்ணுக்கு எவனாச்சும் மருந்தடிப்பானா?" உண்மை பேசுகிறான், அதனால்தான் ஒருவரும் கேட்கவில்லை. நானும் அவனுக்காக உருகவில்லை, கோணல் கேரட்டை எல்லாம் என் பையில் அடியில் போட்டுத் தருகிறவன். ஆனால் டாக்டர் பையனாவது போய்ப் பார்க்கலாம் அந்தக் கேரட் காட்டை, பத்து எட்டு நடந்தால் தெரிந்துவிடும். பார்க்க மாட்டான். எச்சில் வழிகிறது, கால் வெட்டுகிறது, மருந்துக்கும் அப்படித்தான் இருக்கும் என்று புத்தகத்தில் படித்திருப்பான், மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் இந்த மாநிலம் பூராவும் மாடுகள் வயிறு வீங்கிப் படுக்கிற விஷயம் தெரிந்தவன்தானே, கேட்கவும் கேட்டான், கேட்டுவிட்டு எங்கள் பேச்சை நம்பிவிட்டான். எங்களைப் போய் நம்பினான். இவ்வளவு பேர் ஒரே மாதிரி சொன்னால் அது பொய்யாகத்தான் இருக்கும் என்பதுகூட ஒரு டாக்டருக்குத் தெரியவில்லை என்றால் அவன் படித்த படிப்பை என்னவென்று சொல்வது. ஊசியில் மருந்தை ஏற்றுகிறான். பெரிய ஊசி. ஒருமுறை நிமிர்ந்து எல்லோர் முகத்தையும் பார்த்தான். "கடைசியா கேக்குறேன். சோறு எதுவும் வெக்கலல்ல?" டீச்சர் மப்ளரை இறுக்கிக்கொண்டாள், வைரவன் கீழே சரிவைப் பார்த்தான். அவன் என் ஜன்னலையும் பார்த்தான் என்று நினைக்கிறேன்.

எழுந்தேன். அதைச் சொல்லியாக வேண்டும், எழுந்தேன், கம்பளி கீழே விழுந்தது, கதவுவரை போனேன், தாழ்ப்பாளில் கைவைத்தேன். இரும்பு ஐஸாக இருந்தது. திறந்தால் என்ன சொல்ல வேண்டும் என்பதைக்கூட நினைத்துக்கொண்டேன், டாக்டர் தம்பி, எங்க வீட்டுல ஒரு அண்டா வெச்சோம் என்று. வெச்சோமா, வெச்சாளா. வெச்சாள் என்றால் நாளைக்குப் பொற்கொடி ரேஞ்சர் ஆபீஸ் பெஞ்சில் உட்கார வேண்டும், பத்திரிகைக்காரன் எவனாவது அண்டாவைப் படம் பிடிப்பான். வெச்சோம் என்றால் அரசாங்கத்தில் பென்ஷன் வாங்குகிறவன் நான். அதைவிட, முதலில் தெரியாது என்றவன் இப்போது வந்து தெரியும் என்றால் வைரவன் சிரிப்பான். அவன் பல்லைக் காட்டிச் சிரிப்பதை நினைத்தால் எனக்குத் தாங்காது, வாழ்நாள் பூராவும் அந்த மாதிரி ஆட்களைத் தலைநிமிர்ந்து பார்க்காமல் கையெழுத்துப் போட்டு அனுப்பியவன் நான். சரி, பயம்தான் காரணம், வேறென்ன. பயம் என்றே வைத்துக்கொள்ளலாம். பயத்தை யாரும் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் கையை ஏன் தாழ்ப்பாளிலேயே வைத்துக்கொண்டு நின்றேன், நின்றுகொண்டு ஏன் அந்தக் கழுநீர்த் தொட்டியைப் பற்றி நினைத்தேன், நாளைக்கு அது காலியாக இருக்கும், காபி சூடாக வரும் என்று. ஒரு நொடிதான். அப்படி நினைக்கிறவனா நான், ஒரு மாட்டோடு போய்ப் போட்டி போடுகிறவனா, சீ. அந்த எண்ணத்தைப் பிடித்துக் கிள்ளி எறிவதற்குள் வெளியே டாக்டர், "புடிங்க, கழுத்தை அமுக்கிப் புடிங்க" என்றான். ஊசி போட்டுவிட்டான். இனிச் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று வந்து உட்கார்ந்தேன், உட்கார்ந்ததும் எனக்கு நிம்மதியாக இருந்தது.

அந்த நிம்மதி எவ்வளவு நேரம் இருந்தது என்று தெரியாது. ஊசி போட்டதிலிருந்து வயிறு இன்னும் மேலே ஏறியது, தோல் முரசு மாதிரி இறுகியது, டாக்டர் பையன் விலாவில் காதை வைத்துக் கேட்டுவிட்டு முகம் மாறினான். அப்போதுதான் பொற்கொடி வந்தாள். சந்தின் மேல் முனையில் பனியிலிருந்து அவள் சிவப்பு ஸ்வெட்டர் தெரிந்தது, நெற்றியில் விபூதி, கையில் தேங்காய் மூடி வைத்த கூடை. கூட்டத்தைப் பார்த்ததும் நின்றாள். பிறகு ஓடினாள், முழங்கால் வலிக்காரி, ஓடினாள். "ஐயோ பெரியவரே" என்று அதன் தலைமாட்டில் உட்கார்ந்துவிட்டாள், வனவர் தடுக்கத் தடுக்க. டாக்டர் ஒன்றுமே கேட்கவில்லை, அவளே ஆரம்பித்தாள். "நேத்து ஒரு அண்டா பொங்கல் வெச்சேன் தம்பி, வெல்லம் தூக்கலா. அதுதான் ஒத்துக்கலையா? சாயங்காலமே வயிறு ஒரு மாதிரி இருந்துச்சு, செரிச்சுடும்னு நெனைச்சுட்டேன்." இவ்வளவுதான். மூச்சு விடுகிற மாதிரி சொல்லிவிட்டாள். நான் இந்த நாற்காலியில் உட்கார்ந்து புரட்டிப் புரட்டி வைத்திருந்ததை, கூடையைக் கீழே வைக்கிற நேரத்தில் சொல்லி முடித்துவிட்டாள். டாக்டர் அவளையே பார்த்தான். "அம்மா, இதை முன்னாடியே சொல்லிருந்தா..." என்று ஆரம்பித்து, நிறுத்தி, "சோடா உப்பு வேணும், ஆப்பசோடா, எவ்வளவு இருக்கோ அவ்வளவும், சுடுதண்ணியும்" என்று கத்தினான். அப்புறம் பார்க்க வேண்டுமே இந்தச் சந்தை. டீச்சர் பாக்கெட் பாக்கெட்டாகக் கொண்டுவருகிறாள், "நானும் ஒரு குண்டான் வெச்சேன் தம்பி" என்று அழுதுகொண்டே. வைரவன் லாட்ஜ் சமையலறையிலிருந்து ஒரு டப்பாவைத் தூக்கி வருகிறான், பெரியப்பா உயிர்த்தெழுந்துவிட்டார் போலிருக்கிறது. காசிமாயன் ஸ்பிரேயரைப் போட்டுவிட்டு அதன் வாயைப் பிளந்து பிடித்துக்கொள்கிறான், டாக்டர் குழாயை உள்ளே விடுகிறான். கரைத்த தண்ணீர் குழாயில் இறங்கவில்லை, நுரைத்துக்கொண்டு திரும்பி வருகிறது. "வயிறு அசையணும்" என்று அவன் சொல்வது கேட்டது, யாரிடமும் சொல்கிற குரல் இல்லை அது. "நான் போட்ட ஊசி வயித்தை நிறுத்தி வெச்சிருக்கு." இப்போது அவன் தாடி எனக்குச் சிரிப்பை வரவழைக்கவில்லை. குழந்தை முகம்தான், அழப்போகிற முகம். பின்னங்கால் ஒருமுறை கேட்டை உதைத்தது, வளைந்திருந்த கம்பி கழன்று விழுந்தது. அதன் பிறகு அதன் காதில் உட்கார்ந்த ஈயை அது ஓட்டவில்லை.

பொற்கொடி உள்ளே வர வெகுநேரம் ஆனது. நான் தாழ்ப்பாளைத் திறந்துவிட்டபோது என் முகத்தைப் பார்க்கவில்லை, நேராகச் சமையலறைக்குப் போனாள். முந்தானை முழுவதும் சோடா உப்பு வெள்ளை வெள்ளையாக. அரிசியை அளந்து போட்டு, தண்ணீர் விட்டு, களைகிற சத்தம் கேட்டது, எது நடந்தாலும் மதியத்துக்கு உலை வைத்தாக வேண்டும் என்று நினைக்கிறவள். நான் சமையலறை நிலைப்படியில் நின்றேன். எனக்குச் சொல்ல நிறைய இருந்தது, டீச்சரின் இட்லியைப் பற்றி, வைரவனைப் பற்றி, காசிமாயனை மாட்டிவிடப் பார்த்ததைப் பற்றி, எல்லோரும் எவ்வளவு கேவலமானவர்கள் என்று. கேட்டால் சிரிப்பாள், என் கிண்டலுக்கு அவள் எப்போதும் சிரிப்பாள். "டாக்டர் வந்து கேட்டப்ப நீங்க வீட்லதானே இருந்தீங்க?" என்றாள். "இருந்தேன்." "அண்டாவை நீங்கதானே தூக்கி வெச்சீங்க." "ஆமா." அரிசியை இன்னொருமுறை களைந்தாள். பிறகு திரும்பி என்னைப் பார்த்தாள், கோபமே இல்லாமல், எனக்கு ஒரு வழி திறந்துவிடுகிற மாதிரி, "பயந்துட்டீங்களா?" என்று கேட்டாள். ஆமாம் என்று சொன்னால் போதும், இத்தனை வருஷத்தில் என் பயங்களை எல்லாம் அவள் அப்படித்தான் மடித்து உள்ளே வைத்திருக்கிறாள், இதையும் வைத்துவிடுவாள். வாயைத் திறந்தேன். நாக்கு தாழ்ப்பாள் மாதிரி குளிர்ந்து கிடந்தது. "தெரியாது" என்றேன். பிறகு கழுநீர்ப் பாத்திரத்தை அடுப்புக்குக் கொண்டுபோனவள் பாதியில் நின்று, திரும்பி, பாத்திரம் கழுவும் தொட்டியின் ஓட்டைக்குள் அதை ஊற்றினாள், கடைசிச் சொட்டு வரைக்கும். காபி வேண்டுமா என்று அவள் கேட்கவில்லை.